பம்பர் வண்டியோடு ஒட்டிப்போவது எப்படி?

காரின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் மடிப்பை பாடி லைன் என்பார்கள். புதிதாக வடிவமைத்த பம்பர் வண்டியோடு பிறந்ததுபோல் இருக்கிறதா, பிறகு மாட்டியதுபோல் இருக்கிறதா என்பதை இந்தக் கோடுகள்தான் காட்டிக்கொடுக்கும்.

ஃபெண்டரில், அதாவது சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டில், முடியும் கோடு பம்பரில் அதே இடத்தில், அதே திசையில் தொடர வேண்டும். அது மட்டும் போதாது, வளைவும் ஒத்துப்போக வேண்டும். ஒரு நேர்கோட்டின் முனையில் வட்ட வில் ஒன்றைத் தொடுகோடாகச் சேர்த்தால் திசை மாறாது. வளைவு மட்டும் பூஜ்யத்திலிருந்து சட்டென்று தாவும். காகிதத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், பளபளக்கும் பெயிண்டில் உடனே தெரியும். பரப்பு 1 டிகிரி சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி 2 டிகிரி திரும்புகிறது. கண் பிடிப்பது அந்தப் பிரதிபலிப்பின் முறிவைத்தான்.

அதனால் வண்டியை முப்பரிமாண ஸ்கேன் செய்து, கணினி மாதிரியின் மேல் வரிக்குதிரைக் கோடுகள் பிரதிபலிப்பதுபோல் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இணைப்பில் பட்டைகள் அறுந்து விலகினால் திசை தவறு. சேர்ந்தும் மடங்கினால் வளைவு தவறு. வழுக்கிக்கொண்டு போனால் சரி. பலர் நடுவிலுள்ள கிரில்லிலிருந்து வரையத் தொடங்குகிறார்கள். ஃபெண்டர் ஓரத்திலிருந்து தொடங்குவதே மேல் என்பேன். ஓரம் நம் கையில் இல்லை, நடுவை எப்படியும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் வெப்பம். 1.8 மீட்டர் அகலமுள்ள, கலப்பில்லாத பாலிப்ரொப்பிலீன் (பம்பர் செய்யும் பிளாஸ்டிக்) துண்டு 40 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். எஃகு 1 மில்லிமீட்டர்கூட நீளாது. டால்க் என்ற கனிமப் பொடியைக் கலந்து விரிவைக் குறைத்தாலும், பம்பரின் ஓரங்கள் கொஞ்சம் நகர இடம் விட்டே மாட்ட வேண்டும். ஃபைபர்கிளாஸ் குறைவாக விரியும், ஆனால் இடிபட்டால் வளைந்துகொடுக்காமல் விரிசல் விடும்.

வெளியே தெரிவது உறைதான். மோதலைத் தாங்குவது அதன் பின்னாலிருக்கும் நுரையும் உலோகச் சட்டமும். வடிவத்துக்காக அவற்றை வெட்டவே கூடாது. சில வண்டிகளில் உறைக்குப் பின்னால், சுற்றியுள்ள வண்டிகளைக் கண்டறியும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரும் இருக்கும். அதன் அலைநீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான் என்பதால், முன்னால் இருக்கும் பிளாஸ்டிக்கின் தடிமனில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட அலையைத் திருப்பியடிக்கலாம். கோட்டைச் சரிசெய்ய அந்த இடத்தில் பட்டி பூசுவதும், உலோகத் துகள் கலந்த பெயிண்டைத் தடிமனாக அடிப்பதும் ரேடாரின் பார்வையை மங்கவைக்கும். மடிப்பை ரேடாருக்கு எதிரே கொண்டுபோகாமல், மேலேயோ கீழேயோ திருப்பிவிடுவது நல்லது.