ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியிலிருந்து பெக்டின்

ஆரஞ்சு ஏற்றுமதியில் தென்னாப்பிரிக்கா உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. அங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலம் முதல் அக்டோபர் வரை டர்பன் சந்தையில் பழம் நிறையக் கிடைக்கும். சாறு பிழிந்தபின் பழத்தின் எடையில் ஏறத்தாழ பாதி, தோலும் சக்கையுமாகக் குப்பைக்குப் போகிறது. தோலின் உட்புறமுள்ள வெள்ளைப் பஞ்சில்தான், ஜாமை உறையவைக்கும் இயற்கைப் பொருளான பெக்டின் அதிகம். காய்ந்த தோலின் எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை தேறும். புரட்டாசியில் மாமிசம் ஒதுக்கும் வீடுகளில் எலும்பு, தோலிலிருந்து வரும் ஜெலட்டினுக்கு இடமில்லை. செடியிலிருந்து கிடைக்கும் பெக்டின் அங்கே நிச்சயம் தேவை.

முதலில் பழத்தைத் தேய்த்துக் கழுவி, மேலேயுள்ள நிறத்தோலை மெல்லியதாகச் சீவி நீக்குங்கள். கசப்பு எண்ணெயும், அறுவடைக்குப் பின் பூசும் மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு 250 கிராம் வெள்ளைப் பகுதியை நறுக்கியதும் தாமதிக்காமல் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு, நீரை வடித்துவிடுங்கள். கசப்பு குறையும், முக்கியமாக, தோலிலேயே இருக்கும் ஒரு நொதி செயலிழக்கும். அதை விட்டுவைத்தால் பெக்டின் இழையிலுள்ள மெத்தில் தொகுதிகளைக் கழற்றிவிடும். பிறகு சர்க்கரையோடு எவ்வளவு காய்ச்சினாலும் சரியாக உறையாது.

செல்சுவரில் பெக்டின் கரையாத நிலையில் பிணைந்திருக்கிறது. அமிலமும் சூடும் சேர்ந்தால்தான் விடுபடும். 1 லிட்டர் நீர், 60 மில்லி எலுமிச்சைச் சாறு சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 85 முதல் 90 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அமிலம் அதை அரிக்கும். தளதளவெனக் கொதிக்கவிட்டால் இழைகள் துண்டாகி, கூழ் நீர்த்துப்போகும். அவசரப்பட்டு முன்னதாக இறக்கினால் விளைச்சல் குறையும். தொழிற்சாலைகள் நைட்ரிக் போன்ற வலுவான அமிலத்தால் இன்னும் அதிகமாகப் பிரித்தெடுக்கின்றன. வீட்டில் அதை முயலக்கூடாது.

மெல்லிய துணியில் கட்டி இரவு முழுவதும் தானாகச் சொட்டவிடுங்கள். பிழிந்தால் நார்த்துகள் இறங்கிக் கலங்கும்.

தரம் பார்க்க, ஆறிய வடிநீர் 1 தேக்கரண்டியை சர்ஜிகல் ஸ்பிரிட் 3 தேக்கரண்டியில் விடுங்கள். ஒரு நிமிடத்தில் ஒரே கட்டியாகத் திரண்டால் நல்ல பெக்டின். சிதறிய நூல்களாக நின்றால் வடிநீரை மெல்லிய தீயில் பாதியாகச் சுண்டவைத்து மீண்டும் பாருங்கள். சோதித்ததை உண்ணாதீர்கள், உடனே கொட்டிவிடுங்கள்.

குவாசூலு-நட்டால் மாகாணத்து ஹ்லுஹ்லுவே ஊரின் அன்னாசியில் பெக்டின் குறைவு. அதில் ஜாம் செய்ய, 1 கிலோ சதைக்கு 250 மில்லி வடிநீர், 900 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு போதும். சர்க்கரை நீரை இழுத்துக்கொள்ள, அமிலம் இழைகளின் மின்னூட்டத்தை அடக்க, அவை ஒன்றையொன்று தள்ளாமல் பின்னிக்கொள்கின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3.5க்குக் கீழே, சர்க்கரை 55 சதவீதத்துக்கு மேல் இருப்பது அவசியம். கடலோர டர்பனில் ஜாமை 105 டிகிரியில் இறக்கலாம். மேட்டு நிலமான ஜோகன்னஸ்பர்க்கில் நீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிப்பதால் அங்கே 99 போதும். அந்த வேறுபாட்டை மறந்து 105 வரை காய்ச்சினால் ஜாம் பாகாகி இறுகிவிடும்.

இதே தோலில் ஹெஸ்பெரிடின் என்ற ஃப்ளேவனாய்டும் (ஒருவகைத் தாவரச் சேர்மம்) உண்டு. அதைப் பிரிக்கச் சுண்ணாம்புக் கரைசலில் ஊறவைத்து, வடித்த நீரில் அமிலம் சேர்த்துப் படியவைப்பார்கள். ஆனால் சுண்ணாம்பின் காரத்தன்மை பெக்டினின் மெத்தில் தொகுதிகளைப் பிரித்துவிடும், சுண்ணாம்பின் கால்சியம் எஞ்சிய பெக்டினைப் பிணைத்துக் கரையாமல் செய்யும். ஆகவே பெக்டின் வேண்டுமென்றால் சுண்ணாம்பு அந்தத் தோலை முதலில் தொடவே கூடாது.