குட்டிப் பன்றிகளின் கழிச்சல்: ஐரோப்பிய மருந்து விதி என்ன கேட்கிறது?

தாயிடமிருந்து பிரித்த ஒன்றிரண்டு வாரங்களில் குட்டிப் பன்றிகளுக்குத் தண்ணீராகக் கழியத் தொடங்கும். ஐரோப்பியப் பண்ணைகளில் இதற்கென்று பல ஆண்டுகளாக ஒரு வழி இருந்தது. தீவனத்தில் கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் அளவில் சிங்க் (துத்தநாகம்), ஆக்சைடு வடிவில், சுமார் இரண்டு வாரம். கழிச்சல் அடங்கிவிடும். எந்தக் கிருமி என்று தெரியாமலே காரியம் முடிந்துவிடும்.

அந்த வழி இப்போது இல்லை. சிங்க் ஆக்சைடை மருந்தாகத் தரும் அனுமதியை ரத்து செய்வதென்று ஐரோப்பிய ஆணையம் 2017 ஜூனில் முடிவெடுத்து, ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. அது 2022 ஜூன் 26 அன்று முடிந்தது. குட்டி செரிக்காத சிங்க் சாணத்தோடு வயலுக்குப் போய் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகவும் வழி செய்கிறது. இவைதான் காரணங்கள். இன்று குட்டித் தீவனத்தில் மொத்த சிங்க் கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

சரி, அதற்குப் பதிலாக ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுத்துவிடலாமா? அதற்கும் தடை உண்டு. 2022 ஜனவரி 28 முதல் அமலில் இருக்கும் 2019/6 எண் கால்நடை மருந்து ஒழுங்குமுறை, ஆன்டிபயாட்டிக்கை வழக்கமாகக் கொடுப்பதையும், சுத்தக் குறைவையோ பராமரிப்புக் குறைவையோ அதைக் கொண்டு ஈடுகட்டுவதையும் தடுக்கிறது. நோய் வருமுன் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது விதிவிலக்கான சூழலில், தனி விலங்குக்கு மட்டும். கூட்டத்தில் சில குட்டிகளுக்கு நோய் வந்து, பரவும் ஆபத்து அதிகமாக இருந்து, வேறு தகுந்த வழியும் இல்லையென்றால் மொத்தக் கூட்டத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் இன்ன தொற்று என்று கால்நடை மருத்துவர் கண்டறிந்த பிறகே அதற்கான மருந்துச் சீட்டை எழுத முடியும். ஆன்டிபயாட்டிக் சீட்டு எழுதிய நாளிலிருந்து ஐந்து நாள்தான் செல்லும்.

எல்லாக் கழிச்சலுக்கும் ஆய்வகப் பரிசோதனை கட்டாயம் என்று ஒழுங்குமுறை சொல்லவில்லை. ஆனாலும் அது கேட்கும் கேள்விகளுக்கு, எந்தக் கிருமி என்று தெரியாமல் நேர்மையாகப் பதில் சொல்வது கடினம். இந்த விதியின் நல்ல பக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கழிச்சலுக்கு அடிக்கடி காரணமாகும் குடல் பாக்டீரியா ஈ.கோலை. ஆய்வக அறிக்கையில் ‘ஈ.கோலை இருக்கிறது’ என்று வந்தால் அதோடு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். நோயே இல்லாத குட்டியின் குடலிலும் ஈ.கோலை இருக்கும். கழிச்சல் உண்டாக்கும் திரிபுக்கு (ஈ.கோலையின் உள்வகைக்கு) இரண்டு ஆயுதங்கள் வேண்டும். குடல் சுவரைப் பற்றிக்கொள்ள மயிரிழை போன்ற ஒட்டுநார்கள். பற்றிய இடத்தில் நீரைக் கொட்டவைக்கும் நச்சு. ஒட்டுநார்களில் எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்18, எஃப்41 ஆகியவை முக்கியம். எஃப்5, எஃப்6 பிறந்த சில நாள் குட்டிகளைத் தாக்குபவை. எஃப்18 பற்றும் இடம் குடலில் வயது ஏற ஏறத்தான் உருவாகும் என்பதால் அது தாயிடமிருந்து பிரித்த பிறகு வரும். எஃப்4 இரண்டு பருவத்திலும் வரும். நச்சுகளில் எல்டி, எஸ்டிஏ, எஸ்டிபி ஆகிய மூன்றையும் தேடுவார்கள். எஃப்18 திரிபில் எஸ்டிஎக்ஸ்2இ என்ற நச்சு இருந்தால் கண் இமை வீங்கி, தள்ளாடி, குட்டி திடீரென்று சாகும். அது வீக்க நோய்.

ஆய்வகத்தில் மாதிரியை ரத்த அகார் தட்டில் (ரத்தம் கலந்த கூழ்த் தட்டில்) வளர்ப்பார்கள். மறுநாள் பார்த்தால் எஃப்4, எஃப்18 திரிபுகளின் பாக்டீரியாக் கூட்டங்களைச் சுற்றிப் பெரும்பாலும் சிவப்பு கரைந்து தெளிந்த வளையம் தெரியும். எஃப்5, எஃப்6 திரிபுகள் பொதுவாக வளையம் போடாது. ஆகவே வளையம் இல்லை என்பதற்காகப் பச்சிளம் குட்டியின் மாதிரியை ஒதுக்கக்கூடாது. வளையம் ஒரு குறிப்புதான். மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையில் ஒட்டுநார், நச்சு மரபணுக்களைப் பார்த்தால்தான் உறுதி.

மாதிரி சரியில்லையென்றால் இவ்வளவும் வீண். மருந்து இன்னும் போடாத, அன்றைக்குத்தான் கழியத் தொடங்கிய குட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். வாலைத் தூக்கி மலக்குடலிலிருந்தே பஞ்சுக்குச்சியில் எடுக்க வேண்டும். தரையில் கிடப்பதை அள்ளக்கூடாது. ஒரு குட்டி போதாது, பல குட்டிகளிடம் எடுங்கள். குளிரில் வைத்து உடனே அனுப்புங்கள், உறையவிடாதீர்கள். முதல் சில நாளிலேயே ரத்தமாகக் கழிந்தால் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் சி வகையையும், ஒன்று முதல் இரண்டு வார வயதில் பசைபோலக் கழிந்தால் காக்சிடியா ஒட்டுண்ணியையும், எந்த வயதானாலும் ரோட்டா வைரஸையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். இவற்றில் சில ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவே அடங்காதவை.

எந்த மருந்து வேலை செய்யும் என்ற சோதனையையும் கூடவே கேளுங்கள். குறிப்பாக, கோலிஸ்டின் இந்தக் கழிச்சலுக்கு அதிகம் பயன்பட்ட மருந்து. அதற்கு அடங்காத தன்மையைப் பிற பாக்டீரியாவுக்குக் கடத்தும் எம்சிஆர்-1 மரபணு 2015-ல் சீனாவில், பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கை கொடுக்கும் மருந்து கோலிஸ்டின். ஐரோப்பிய மருந்து முகமை அதைக் ‘கட்டுப்படுத்த வேண்டிய’ பி பிரிவில் வைத்திருக்கிறது. முடிந்தவரை சோதனை முடிவைப் பார்த்த பிறகே பி பிரிவு மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை.

திரிபு தெரிந்தால் கிடைக்கும் பெரிய பயன் தடுப்பூசித் தேர்வு. பச்சிளம் குட்டிகளில் எஃப்4, எஃப்5, எஃப்6 வந்தால் தாய்ப்பன்றிக்குச் சினைக்காலத்தில் ஊசி போட வேண்டும். பாதுகாப்பு சீம்பால் வழியே குட்டிக்குப் போகும். பிரித்த பிறகு வரும் எஃப்4, எஃப்18 திரிபுகளுக்கு வாய்வழி உயிர்த் தடுப்புமருந்து இருக்கிறது. உள்ளே போவது உயிருள்ள பாக்டீரியா. அதே சமயத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தடுப்புமருந்தும் சேர்ந்து செத்துவிடும்.

பொருத்தமான, அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லாதபோது, அந்தப் பண்ணையின் கிருமியையே செயலிழக்கச் செய்து தடுப்பூசி தயாரித்துக்கொள்ள இதே ஒழுங்குமுறை இடம் தருகிறது. விதிவிலக்கான சூழலில், கால்நடை மருத்துவரின் சீட்டோடு, அந்தக் கூட்டத்துக்கோ அதோடு நோய்த்தொடர்பு உறுதியான கூட்டத்துக்கோ மட்டும். அதற்குப் பண்ணையிலிருந்து பிரித்தெடுத்த கிருமி கையில் இருக்க வேண்டும். அறிக்கை வந்ததும் ஆய்வகம் தட்டுகளை அழித்துவிடலாம். அதனால் மாதிரி அனுப்பும்போதே, பிரித்தெடுத்த திரிபைச் சேமித்து வைக்கும்படி விண்ணப்பத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.