சென்னைக் கலைஞருக்குப் பேசிய தொகையும் அதற்குள் ஒளிந்திருக்கும் 15 சதவீதமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கலை நிகழ்ச்சிகளை நடத்திக் கொடுப்பதும், அந்த வேலையை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் பிழைப்பு. முதல் வகுப்புக்கு வருகிறவர்கள் மேடை, லைட், போஸ்டர் என்று எதையோ எதிர்பார்த்து வருவார்கள். நான் ஏமாந்த கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் சங்கத்துக்காகச் சென்னையிலிருந்து நாகஸ்வரக் குழுவை வரவழைத்திருந்தேன். "கையில இவ்வளவு குடுத்துடுங்க சார்" என்று வாட்ஸ்அப்பிலேயே பேசி முடித்தாயிற்று. கச்சேரி பிரமாதம், பணமும் முழுசாகக் கொடுத்தாயிற்று, அவர்களும் விமானம் ஏறிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ஆடிட்டர் கேட்டார், வெளிநாட்டுக் கலைஞருக்கான வரியைப் பிடித்தீர்களா என்று. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது!

இங்கே வசிக்காத கலைஞர் இங்கே வந்து ஆடினாலும் பாடினாலும், அவருக்குக் கொடுக்கும் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து, கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் வருமான வரித் துறையான சார்ஸுக்குக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் போட்ட 14 நாளுக்குள் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்பவர் சார்ஸுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்த வரி, பணம் கொடுத்தவர் தலையில்தான் விழும். சங்கத்தார் கைவிரித்துவிட்டார்கள், நான்தான் கட்டினேன். கலைஞர் கையில் 85,000 ராண்ட் போய்ச் சேர வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் ஒரு லட்சம் என்று எழுத வேண்டும், பட்ஜெட்டிலும் ஒரு லட்சம்தான். "கையில" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எவரோடும் பேரம் பேசாதீர்கள்.

அடுத்த குழப்பம் நன்கொடை. சமூக மேம்பாட்டுத் துறையில் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம் நடனப் பள்ளிகள் பலவும் நினைக்கின்றன. அது 1997ஆம் ஆண்டுச் சட்டப்படியான பதிவு மட்டுமே, வரிவிலக்கு சார்ஸிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது. பதிவையும் சும்மா வைத்திருக்க முடியாது, நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். இதைவிட முக்கியமான சங்கதி: வரிவிலக்குப் பெற்ற கலை அமைப்பாக இருந்தாலும், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி ரசீது கொடுக்கும் தகுதி வெறும் கலைப் பணிக்குக் கிடையாது. கல்வி, சமூக நலம் போன்ற பணிகளின் தனிப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் அந்தத் தகுதி. நன்கொடை கொடுத்தவர் தன் வருமானத்தில் கழித்துக்கொள்ள அந்த ரசீது வேண்டும். "ரசீது தருவோம்" என்று வாய்விட்டுவிட்டு அப்புறம் ஸ்பான்சர் முன்னால் நெளிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு முன்னால் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்று பாருங்கள்.

பாட்டு உரிமத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தியாகராஜர் கீர்த்தனைக்குப் பிரச்சினை இல்லை, அவர் 1847லேயே போய்விட்டார், பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. இடைவேளைக்குப் பிறகு கூட்டத்தைப் பிடித்து வைக்கச் சினிமாப் பாட்டுப் போட்டால் இசைப் படைப்பாளிகளுக்கான உரிமத் தொகையை வசூலிக்கும் சாம்ரோ அமைப்பிடம் உரிமம் வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காகிதம், நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. 1860லிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் தெருக்கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள், இங்கே அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயரே விழுந்துவிட்டது. விடிய விடிய ஆடும் கூத்துக்கு இடம், வெளிச்சம், சாப்பாடு, ஆடுபவருக்கு ஏதாவது கூலி என்று யாரோ ஒருவர் பார்த்திருக்காமல் அது நடந்திருக்காது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

போன வாரம் வியாழக்கிழமை பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "அங்கிள், சனிக்கிழமை சலங்கைப் பூஜை, சென்னையிலிருந்து மிருதங்கக்காரர் இறங்கிட்டார், ஒப்பந்தம் எழுதித் தர்றீங்களா?" எழுதிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே 15 சதவீதம்.