கண்குழிக் கட்டி: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

காசிமேட்டில் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையனுக்கு மேலிமை வீங்கினால், வீட்டில் முதல் கேள்வி "பந்து பட்டுச்சா?" என்பதுதான். பெரும்பாலும் காரணமும் அதுவாகவே இருக்கும். அடிபட்ட வீக்கம் சில நாளில் வடிந்துவிடும். வடியாமல் நாளுக்கு நாள் ஏறி, கண்ணும் பிதுங்க ஆரம்பித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அது ராப்டோமயோசார்கோமாவாக இருக்கலாம். அரிய நோய், ஆனால் சிறுவர்களின் கண்குழியிலேயே தோன்றும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். தசையாக மாறக்கூடிய முதிராத செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் சில வாரங்களிலேயே கண் முன்பக்கமாகப் பிதுங்கிவிடும். கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருப்பதில் பொன்னான நாட்கள் போய்விடுகின்றன. இதில் உடனே பயாப்ஸி, அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, செய்தாக வேண்டும். ஒரு காலத்தில் கண்ணோடு சேர்த்துக் குழியையே வழித்தெடுத்தார்கள். இன்று கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தால், நோய் கண்குழியைத் தாண்டாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

கண்குழியின் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லிதான். சுற்றிலும் எலும்பு, அகலமான வாசல் முன்பக்கம் மட்டுமே. அதனால் உள்ளே எது வளர்ந்தாலும் கண் நகர்கிறது. நகரும் திசையே கட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பார்வை நரம்பை ஒட்டி வளர்ந்தால் நேர் முன்னே வரும். மேல் வெளிமூலையில் உள்ள கண்ணீர்ச் சுரப்பியில் வளர்ந்தால், கண் கீழேயும் மூக்குப் பக்கமாகவும் ஒதுங்கும்.

அந்தச் சுரப்பியில் வரும் இரண்டு கட்டிகளைப் பிரித்தறிவதில்தான் மருத்துவரின் முழுத் திறமையும் தெரியும். ப்ளியோமார்பிக் அடினோமா புற்றுநோய் அல்ல. வலிக்காது, ஒரு வருடத்துக்கு மேலாக மெதுவாக வளரும், சி.டி. ஸ்கேனில் எலும்பு வழவழப்பாகக் குழிந்திருக்கும். இதைச் சந்தேகித்தால் கத்தி வைத்துத் துண்டு எடுக்கக் கூடாது! கட்டியைச் சுற்றியுள்ள உறை கிழிந்து செல்கள் சிதறினால் பல ஆண்டுகள் கழித்தும் கட்டி திரும்பும், சில சமயம் புற்றாகவே மாறும். உறையோடு முழுசாக எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

மற்றொன்று அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. சில மாதங்களில் வளரும், வலிக்கும், எலும்பை அரிக்கும். மைக்ராஸ்கோப்பில் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும் இதன் செல்கள் நரம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போகின்றன. வலிக்குக் காரணம் அதுதான். எடுத்த இடம் சுத்தமாக இருக்கிறது என்று நம்பிய பிறகும் நோய் திரும்புவதற்கும் அதுவே காரணம். பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே "வலிக்குதா? எத்தனை மாசமா?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் யோசித்து, சரியாகப் பதில் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்குக் கண் பிதுங்கினால் கட்டியை விடத் தைராய்டு கோளாறே அடிக்கடி காரணமாக இருக்கும். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது அதைப் பார்க்கவும்தான். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்தவர்கள் 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போகலாம். போகும்போது பழைய கல்யாண போட்டோ, பள்ளிக்கூட போட்டோ எது கிடைத்தாலும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கண் எப்போதிலிருந்து முன்னே வந்தது என்பதை டாக்டர் அதைப் பார்த்தே கணிப்பார்.