கிரியாட்டினின்: ‘உப்பு’ன்னு சொல்றோமே, அது உப்பே இல்லை

“கிட்னில உப்பு ஏறிடுச்சாம்”னு நம்ம ஊர்ல யாராவது சொன்னா முக்கால்வாசி நேரம் அதுக்கு அர்த்தம் ரத்தத்துல கிரியாட்டினின் கூடியிருக்குன்னுதான். பேஷண்டுக்குப் புரியட்டுமேன்னு டாக்டருங்களும் அதையே சொல்லிடுறாங்க, வீட்ல சமையல் உப்பை அடியோட நிறுத்திட்டு அடுத்த டெஸ்ட்ல ஏன் இன்னும் குறையலைன்னு முழிக்கிறாங்க. கிட்னி பேஷண்ட் உப்பைக் குறைக்கணும்தான், ஆனா அது பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும். கிரியாட்டினின் வர்ற இடமே வேற.

அது எங்கேருந்து வருதுன்னு பேர்லயே இருக்கு. கிரேக்கத்துல ‘கிரியாஸ்’னா இறைச்சி, நம்ம பழைய தமிழ்ல ஊன். 1832-ல ஷெவ்ரல்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர் இறைச்சியிலேருந்து ஒரு பொருளைப் பிரிச்செடுத்து கிரியாட்டின்னு பேர் வச்சார், 1847-ல ஜெர்மன்காரர் லீபிக் அதை அமிலத்தோட சூடாக்கினப்போ கிடைச்சதுக்கு கிரியாட்டினின்னு வச்சார். ஒரு ‘னி’தான் வித்தியாசம், அதனால ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறோம். ஜிம் பசங்க கலக்கிக் குடிக்கிற பவுடர் முன்னது, லேப் ரிப்போர்ட்ல வர்றது பின்னது. தசைக்குள்ள இருக்கிற கிரியாட்டின்ல ஒரு சின்னப் பங்கு தினமும் தானா கிரியாட்டினினா மாறி ரத்தத்துல கலக்கும், கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ளும், கிட்னி மந்தமானா அது தேங்கும்.

தசையிலேருந்து வர்றதுங்கிறதாலதான் இந்த நம்பரைத் தனியா வச்சுப் பாக்கக் கூடாது. ரிப்போர்ட்ல கிரியாட்டினின் 1.1-னு இருக்கு, பக்கத்துலயே நார்மல்னு போட்டிருக்கு. அது 25 வயசுப் பையனோடதுன்னா இப்போ புழக்கத்துல இருக்கிற கணக்குப்படி கிட்னி வடிகட்டும் வேகம், அதாவது ஈஜிஎஃப்ஆர், 95 பக்கம் வரும். அதே 1.1 எழுபது வயசுப் பாட்டியோடதுன்னா 54தான் வரும், அது கவனிக்க வேண்டிய அளவு. ஒல்லியான உடம்பு, தசை கம்மி, கிரியாட்டினினும் கம்மியாத்தான் ஊறும், அதனால கிட்னி பாதி போனாக்கூட ரிப்போர்ட் சாதுவா இருக்கும்.

இதே தசைக் கணக்கு அமெரிக்காவுல பெரிய அநியாயத்துல போய் முடிஞ்சுது. இந்த ஈஜிஎஃப்ஆரைக் கணக்குப் போட 2009-ல வந்த சமன்பாட்டுல, ஆள் கருப்பினத்தவர்னா விடையை 1.159-ஆல பெருக்கணும், கேட்டா அவங்களுக்குத் தசை ஜாஸ்தின்னாங்க (இனத்தை வச்சு தசையை அளக்குறது என்ன லாஜிக்கோ). அதனால பேப்பர்ல அவங்க கிட்னி நல்லா வேலை செய்ற மாதிரி தெரியும். அங்க டயாலிசிஸுக்கு முன்னாடியே மாற்று கிட்னிக்கான வரிசையில காத்திருப்பு நேரம் ஓட ஆரம்பிக்கணும்னா அந்த வேகம் 20-க்கு வந்தாகணும், இவங்களுக்கு அது லேட்டாத்தான் வந்துது. 2021-ல இனத்தை எடுத்துட்டு புது சமன்பாடு கொண்டுவந்தாங்க, 2023-லேருந்து பாதிக்கப்பட்டவங்களோட காத்திருப்பு நேரத்தையும் திருத்திக் கொடுக்கச் சொன்னாங்க.

மருந்து ஆராய்ச்சியிலயும் இதுதான் அளவுகோல். சர்க்கரை நோயால கிட்னி கெட்டவங்களுக்கு லோசார்டான் உதவுதான்னு பாத்த ட்ரையல் 2001-ல வந்துது, கானாகிளிஃப்ளோசின் ட்ரையல் 2019-ல வந்துது, ரெண்டுலயுமே கிரியாட்டினின் ரெட்டிப்பாச்சான்னு பாத்தாங்க, டயாலிசிஸ் வரைக்கும் எல்லாரும் போறாங்களான்னு வருஷக்கணக்கா காத்திருக்க முடியாதே. மாற்று ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு ஆஸ்பத்திரியில தினமும் காலையில எடுக்கிற ரத்தமும் முக்கியமா இதுக்குத்தான். ஆனா உடம்பு புது கிட்னியை ஏத்துக்கலைன்னாலும் ஏறும், அப்படி நடக்காம இருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ் மருந்தோட டோஸ் கூடிப்போனாலும் ஏறும், எதனாலன்னு இந்த நம்பர் சொல்லாது, அதுக்கு பல நேரம் பயாப்ஸிதான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? வேதிப் பொருளோட பேரை அப்படியே கிரியாட்டினின்னு எழுதுறதுல தப்பில்லை, சோடியத்தை அப்படித்தானே எழுதுறோம். ஊனை வச்சு புதுசா ஒரு சொல் செய்யலாம், செஞ்சாலும் கவுண்டர்ல யாரும் அதைச் சொல்லப்போறதில்லை. பேஷண்டுக்கு விளக்க ‘தசைக்கழிவு’ போதும்னு நினைக்கிறேன், ரத்தத்துல தசைக்கழிவு தேங்குதுன்னு சொன்னா உப்பு டப்பா பக்கம் யார் கையும் போகாது. யூரியாவையும் நாம உப்புன்னுதான் சொல்றோம், அது புரதம் உடையும்போது ஈரல்ல உருவாகிற வேற கழிவு, அதை யூரியான்னே விட்டுடலாம்.