குறட்டை விடுகிறான் என்று விட்டுவிடாதீர்கள்

போன வாரமும் ஒரு பையன், 20 வயதுகூட ஆகவில்லை. நண்பர்களோடு சேர்ந்து டேபென்டடால் என்கிற வலி மாத்திரையைப் போட்டிருக்கிறான், கூடவே பீர். இரவு 11 மணிக்குப் படுத்தவனை விடிகாலை 4 மணிக்குத்தான் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். "நல்லாத்தான் தூங்கினான் டாக்டர், குறட்டைகூட விட்டான், பல்ஸும் நல்லா அடிச்சுது." இதையே எத்தனை பேர் வாயால் கேட்பது!

அது தூக்கம் இல்லை. நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து, பாதி அடைபட்ட வழியில் காற்று திணறுகிற சத்தம். பல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் ஏமாறுவது அதில்தான். டேபென்டடால் போன்ற ஓபியாய்டு மருந்து, அதாவது அபின் மாதிரி வேலை செய்யும் வலி மருந்து, மூச்சைக் குறைக்கும், கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தேங்கும். அது தேங்கத் தேங்க நாடி குதித்துத்தான் அடிக்கும், கையும் கதகதப்பாகவே இருக்கும். மூளையின் ரத்தக்குழாய்களும் விரியும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 1 மி.மீ. (பாதரச அளவில்) கூடினாலே மூளைக்குப் போகும் ரத்தம் 3, 4 சதவீதம் கூடிவிடுகிறது. ஆக்சிஜன் குறையும்போது உடம்பே சுரக்கும் என்கெஃபலின் போன்ற, ஓபியாய்டு மாதிரியே வேலை செய்யும் பொருள்களும் இப்படிக் குழாயை விரிக்க உதவுவதைப் பன்றிக்குட்டிகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து மூளைக்கு ரத்தத்தை அனுப்பிப் பார்க்கிறது. ஆனால் அந்த ரத்தத்தில் ஆக்சிஜன் இல்லையே! காலித் தண்ணீர் லாரி பத்து வந்து நின்றாலும் ஒரு குடம் நிறையுமா?

'உடம்பிலேயே வலியைக் குறைக்கும் எண்டார்பின் சுரக்குதே, அதே மாதிரிதானே இதுவும்' என்று கேட்பவர்களும் உண்டு. உடம்பு சுரப்பது துளி, தேவையான இடத்தில், தேவையான நேரத்துக்கு மட்டும். மாத்திரைக்கு அந்த அளவுகோல் கிடையாது.

சரி, என்ன செய்வது? தோளைப் பிடித்து உலுக்கிக் கூப்பிடுங்கள். எழவில்லையா, உடனே 108. முழு 1 நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 10-க்குக் கீழே போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம். மூச்சு இருக்கிறவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். எங்களிடம் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நாலாக்சோன் ஊசி இருக்கிறது. போட்டதும் கண் திறந்தான் என்று வீட்டுக்கு அழைத்துப் போகவும் வேண்டாம், பல சமயம் மாத்திரையின் வேகம் அடங்கும் முன்னாலேயே ஊசியின் வேகம் அடங்கிவிடும்.

இது வாலிபர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. முதுகுவலிக்கு டிராமடால் (இதுவும் ஓபியாய்டுதான்), அப்புறம் இன்னொரு டாக்டர் எழுதிய தூக்க மாத்திரை, கூடவே பழுதான சிறுநீரகம் என்று இருக்கும் உங்கள் அப்பாவுக்கும் இதே கதி வரலாம். இரண்டு சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

தயவுசெய்து, போலீஸுக்குப் பயந்து மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், கையோடு கொண்டு வாருங்கள்.