ஃபார்மட் போட்டும் திரும்பி வரும் வார்ம்

"போன வாரம்தான் சார் ஃபார்மட் போட்டோம், மறுபடியும் அதே வைரஸ்" என்று யாராவது போன் செய்தால், எந்த ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. ஃபார்மட் போடும்போது லேன் கேபிளைக் கழற்றி வைத்தீர்களா என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் கழற்றியிருக்க மாட்டார்கள். டிரைவர் டவுன்லோடு செய்ய நெட் வேண்டுமே! அப்போதுதான் விண்டோஸ் ஏற்றிய, பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) எதுவும் இல்லாத சிஸ்டம், ஏற்கெனவே வார்ம் (நெட்வொர்க்கில் தானாகவே பரவும் தீய புரோகிராம்) உலவும் நெட்வொர்க்கில் உட்கார்ந்திருக்கிறது. பிரவுசரைத் திறப்பதற்கு முன்பே அது பிடிபட்டிருக்கலாம்.

வைரஸ் பரவ யாராவது ஒரு ஃபைலைத் திறந்தாக வேண்டும். வார்முக்கு அந்த உதவி கட்டாயமில்லை. கணினியில் ஆள் இல்லாத ராத்திரியிலும் அது பக்கத்து முகவரிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது கான்ஃபிக்கர்தான். பழசாகிவிட்டது, உண்மை. ஆனால் ஒரு வார்ம் என்னென்ன வழியில் வரும் என்பதை அதைப்போல ஒரே இடத்தில் காட்டியது வேறில்லை.

விண்டோஸில் ஃபைல், பிரிண்டர் பகிர்வுக்கான சர்வர் சேவையில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்கான பேட்சை எம்எஸ்08-067 என்ற எண்ணில் மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபர் 23 அன்று, வழக்கமான மாதாந்திர நாளுக்குக்கூடக் காத்திருக்காமல், அவசரமாக வெளியிட்டது. கான்ஃபிக்கர் தலைகாட்டியது நவம்பரில். அதாவது மருந்து முதலில் வந்தது, நோய் பிறகுதான் வந்தது. அப்படியும் லட்சக்கணக்கான கணினிகள் மாட்டின. நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அப்டேட்டை ஆன் செய்தால் 'இந்த விண்டோஸ் ஜெனியூன் இல்லை' என்று திரையில் வந்துவிடுமே என்ற பயத்தில், இன்ஸ்டால் செய்பவரே அதை அணைத்துவிட்டுத்தான் போவார்.

445ஆம் போர்ட் என்பது ஃபைல் பகிர்வுக்கான நெட்வொர்க் வாசல். அதற்குத் திட்டமிட்டு வடிவமைத்த ஒரு கோரிக்கையை வார்ம் அனுப்பும். ஓட்டையுள்ள கணினி அதில் ஏமாந்து, அனுப்பிய கணினியிலிருந்தே வார்மின் பிரதியை இறக்கிக்கொள்ளும். அந்தப் பிரதி சிஸ்டம்32 ஃபோல்டரில் அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன ஒரு டிஎல்எல் ஃபைலாக (மற்ற புரோகிராம்கள் ஏற்றிக்கொள்ளும் துணை ஃபைல்) உட்கார்ந்து, விண்டோஸின் சொந்த சேவைகளோடு சேர்ந்து ஓடும். டாஸ்க் மேனேஜரில் தேடினால் தனிப் பெயரில் எதுவும் சிக்காது. உள்ளே வந்ததும் தான் நுழைந்த ஓட்டையைத் தானே நினைவகத்தில் அடைத்துவிடும். வேறு யாரும் வந்துவிடக் கூடாதாம்! அந்தப் போலி அடைப்பு தரும் பதில், உண்மையான பேட்ச் போட்ட கணினி தரும் பதிலிலிருந்து கொஞ்சம் மாறுபடுவதை ஹனிநெட் திட்டம் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் குழுவைச் சேர்ந்த டில்மன் வெர்னரும் ஃபெலிக்ஸ் லேடரும் 2009 மார்ச்சில் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகுதான் என்மேப் போன்ற நெட்வொர்க் ஸ்கேன் கருவிகளால், ஒவ்வொரு சிஸ்டமாகப் போய் உட்காராமல், நெட்வொர்க் வழியாகவே நோயாளியைத் தேட முடிந்தது.

2008 டிசம்பர் கடைசியில் வந்த இரண்டாம் வடிவம் இன்னும் இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொண்டது. ஒன்று பாஸ்வேர்டு. இருநூறுக்கும் மேற்பட்ட எளிய பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற கணினிகளின் அட்மின் ஷேரில் (நிர்வாகிக்கென விண்டோஸ் மறைவாகப் பகிரும் ஃபோல்டர்) ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். "நான் தப்பாவே போடல, ஆனா அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு" என்று காலையில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னால், அவர்கள் மறதியைத் திட்டாதீர்கள், நெட்வொர்க்கைப் பாருங்கள். இன்னொன்று பென் டிரைவ். மறைந்திருக்கும் ரீசைக்ளர் ஃபோல்டருக்குள் ஒரு பிரதியையும் வெளியே ஆட்டோரன் ஃபைல் (டிரைவைச் செருகியதும் என்ன செய்ய வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்வது) ஒன்றையும் போட்டு வைக்கும். டிரைவைச் செருகியதும் வரும் பெட்டியில், மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு, 'ஃபைல்களைப் பார்க்க ஃபோல்டரைத் திற' என்ற வரி இரண்டு முறை இருக்கும். மேலே இருப்பது, புரோகிராமை ஓடவிடும் பகுதியில் உள்ளது, வார்ம். கீழே இருப்பதுதான் நிஜம். எத்தனை பேர் வாசித்துவிட்டு அழுத்துவார்கள்?

பேட்ச் மட்டும் போட்டால் போதும் என்ற கணக்கு இங்கேதான் தப்பாகிறது. ஓட்டை அடைபட்ட கணினியிலும் பாஸ்வேர்டு வழியாக வரலாம், பென் டிரைவ் வழியாக வரலாம். வந்துவிட்டால் விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தும், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட்டுகளை அழிக்கும், மைக்ரோசாஃப்ட் தளத்தையும் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களையும் திறக்க விடாது. இந்தக் கடைசிக் குணமே அதைக் காட்டிக்கொடுக்கும். செய்தித் தளம் திறக்கிறது, மெயில் திறக்கிறது, ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

2009 ஏப்ரல் 1 அன்று இணையமே விழுந்துவிடும் என்று டிவியில் பயமுறுத்தினார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை. அன்றிலிருந்து வார்ம் தினமும் 50,000 டொமைன் பெயர்களை (இணையதள முகவரிகளை) உருவாக்கி, அவற்றில் 500ஐத் தொடர்புகொண்டு கட்டளை தேடும்படி எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

சரி, நீக்குவது எப்படி? இதில் கருவியைவிட வரிசைதான் முக்கியம். நீக்கும் கருவியை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது.

முதலில் பிரிக்க வேண்டும். ஸ்விட்ச்சிலேயே கேபிள்களைக் கழற்றிவிடுங்கள். பில்லிங் நிற்கும், முதலாளி சத்தம் போடுவார், போடட்டும். ஒரு பக்கம் சுத்தம் செய்யும்போது மறுபக்கம் பரவிக்கொண்டிருந்தால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது.

அடுத்தது, அனுபவமுள்ள அட்மின்களே சறுக்கும் இடம். நோயுள்ள கணினியில் டொமைன் அட்மின் அக்கவுண்ட்டில் (அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் உரிமையுள்ள அக்கவுண்ட்) லாகின் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் யார் லாகின் செய்திருக்கிறாரோ, அவருடைய உரிமையைப் பயன்படுத்தித்தான் வார்ம் மற்ற கணினிகளின் அட்மின் ஷேருக்குள் நுழையப் பார்க்கும். ஒரு சிஸ்டத்தைக் காப்பாற்றப் போய், முழு அலுவலகத்தின் சாவியையும் அதன் கையில் கொடுத்ததாகிவிடும். அந்தக் கணினியின் லோக்கல் அக்கவுண்ட் போதும். அதன் பாஸ்வேர்டும் எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கக் கூடாது.

பேட்சையும் கருவியையும் வெளியே ஒரு சுத்தமான கணினியில் இறக்கி, சிடியில் எழுதியோ, ரைட் புரொடெக்ட் பொத்தான் உள்ள பென் டிரைவில் போட்டோ கொண்டுவாருங்கள். ஊரெல்லாம் வார்மைச் சுமந்தவற்றில் சர்வீஸ் ஆட்களின் பென் டிரைவ்களுக்குப் பெரிய பங்குண்டு; எங்கள் தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் ஆட்டோரனை அணைத்து, பேட்ச் போட்டு, கருவியை ஓட்டி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஷெட்யூல்டு டாஸ்க்கையும் திறந்து பாருங்கள். ஏடி1, ஏடி2 என்று யாரும் போடாத வேலைகள் இருந்தால் அழித்துவிடுங்கள். அப்படியே விட்டால் அவையே வார்மை மறுபடி எழுப்பிவிடும்.

அப்டேட்டை அணைத்து வைக்கும் பழக்கம் சின்ன அலுவலகங்களோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மருத்துவமனைகளில், அறுவை அரங்கில் இருந்த கணினிகள் அப்டேட்டுக்காக நடுவில் ரீஸ்டார்ட் ஆனதால், எல்லாக் கணினிகளிலும் அப்டேட்டை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில், 2009 தொடக்கத்தில், 800க்கும் மேற்பட்ட கணினிகளில் கான்ஃபிக்கர் புகுந்தது. அறுவை அரங்கில் நிறுத்தியது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். வரவேற்பறையில் ஏன் நிறுத்த வேண்டும்? பல வருடம் கழித்து, 2017 மே 12 அன்று பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வார்மான வான்னாக்ரையும் அதே 445ஆம் போர்ட் வழியாகத்தான் வந்தது. அதற்கான பேட்சும் மார்ச் 14ஆம் தேதியே வெளியாகியிருந்தது.

பேட்ச் போடவே முடியாத கணினிகளும் உண்டு. லேத் மெஷினோடோ, ரத்தப் பரிசோதனைக் கருவியோடோ வந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியை யாரும் தொட விடமாட்டார்கள். அதை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். ஃபைல் எடுக்க வேண்டுமென்றால், அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பென் டிரைவை ஸ்கேன் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் முடிந்தபின் கணினிகளை ஒவ்வொன்றாக இணைத்து, 445ஆம் போர்ட்டில் எது கண்டபடி தட்டுகிறது என்று கவனியுங்கள். இரண்டு வாரம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி தொடங்கினால், சுத்தம் செய்த கணினிகளை முதலில் சந்தேகப்பட வேண்டாம். அன்றைக்கு லீவில் இருந்தவரின் லேப்டாப், மாதக் கடைசியில் மட்டும் வரும் ஆடிட்டரின் லேப்டாப், பீரோவில் கிடந்த பழைய பேக்கப் டிஸ்க், இந்த மூன்றையும் தேடிப் பிடியுங்கள்.